கஞ்சியில் காணாமல் போன எண்ணெய்

கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடி. கேரளம்தான் என்றாலும் தெருவில் தமிழே அதிகம் காதில் விழும். இங்குள்ள ஏதாவது ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். பக்கவாதம் வந்து ஆறு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் 78 வயதுப் பாட்டி. விழுங்க முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ரைல்ஸ் குழாய். விடிந்ததும் மருமகள் கஞ்சி காய்ச்சுகிறார். மிக்ஸியில் அடித்து, டீ வடிகட்டியில் இரண்டு முறை வடிகட்டி, 50 மில்லி சிரிஞ்சில் ஊற்றிக் குழாயில் இறக்குகிறார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 200 மில்லி. கஞ்சி, பால், பருப்புத் தண்ணீர், பழச்சாறு, மறுபடியும் கஞ்சி. ஒரு வேளைகூடத் தவறுவதில்லை.

ஆனாலும் பாட்டியின் முழங்காலுக்குக் கீழே தோல் மீன் செதில் போல உரியத் தொடங்குகிறது. தலைமுடி கொத்தாக வருகிறது. இடுப்பில் வந்த சின்னப் படுக்கைப் புண் மூடவே மாட்டேன் என்கிறது. "வயசாச்சு, உடம்பு வறண்டு போச்சு" என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். மினுமினுக்கிறது. இரண்டு நாளில் மறுபடி செதில்.

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் யாரும் சந்தேகிக்காத காரணம் ஒன்று உண்டு. பாட்டியின் கஞ்சியில் எண்ணெய் இல்லை. வாணலிக்கு ஊற்றும் எண்ணெய் குழாய்க்குள் போவதில்லை. அதோடு, உடம்பு தானாகத் தயாரிக்க முடியாத இரண்டு கொழுப்புச் சத்துகளும் போவதில்லை.

கொழுப்பு என்றாலே குறைக்க வேண்டிய விஷயம் என்று பழகிப் போன காலம் இது. அதில் பெரும்பகுதி உடம்பு தானே செய்துகொள்ளக் கூடியதுதான். அரிசியைத் தின்றாலும் தொப்பை போடுவது அதனால்தான். இரண்டே இரண்டு கொழுப்பு அமிலங்களை மட்டும் மனித உடம்பால் செய்ய முடியாது. ஒன்று லினோலெயிக் அமிலம். ஒமேகா 6 குடும்பத்தின் தலைவர். மற்றது ஆல்பா லினோலெனிக் அமிலம். ஒமேகா 3 குடும்பத்தின் தலைவர். இவை சாப்பாட்டில் வந்தே தீர வேண்டும். ஒவ்வொரு செல்லின் சவ்விலும் இவற்றுக்கு வேலை இருக்கிறது. தோலின் மேலடுக்கு ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பது லினோலெயிக் அமிலத்தின் தயவில். அது குறைந்தால் சுவரில் பூச்சு உதிர்வது போலத் தோல் உதிரும். உடம்பின் நீர் வெளியேறும். ஒமேகா 3 வகை மூளைக்கும் கண்ணின் விழித்திரைக்கும் வேண்டியது.

இதைக் கண்டுபிடித்தவை எலிகள் என்று சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி கொடுத்தார்கள். மற்ற எல்லாச் சத்தும் அதில் இருந்தது. எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, கடைசியில் இறந்தன. 1929, 1930-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரைகள்தான் "அவசியக் கொழுப்பு" என்ற கருத்துக்குப் பிள்ளையார் சுழி.

பாலக்காட்டுக்கு அருகிலேயே, நீலகிரியின் குன்னூரிலும் இந்தக் கதையின் ஓர் அத்தியாயம் நடந்தது. இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1950-களின் இறுதிவரை குன்னூரில்தான் இயங்கியது. அப்போது ஏழைக் குழந்தைகளின் முழங்கையிலும் முழங்காலிலும் சொரசொரவென்று முள் முளைத்தது போன்ற தோல் நோய் சகஜம். தவளைத் தோல் என்று அதற்குப் பெயர். வைட்டமின் ஏ குறைவு என்றே பலரும் நம்பினார்கள். அவசியக் கொழுப்பு அமிலங்களின் பற்றாக்குறையும் காரணமாக இருக்கலாம் என்று 1950 வாக்கில் குன்னூர் விஞ்ஞானிகள் எழுதினார்கள். எண்ணெய் கொடுத்தபோது குழந்தைகளின் தோல் தேறியது என்று பின்னர் வந்த இந்திய ஆய்வுகளும் சொல்லின.

பெரியவர்களுக்கு இந்தக் குறை வராது என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். சாப்பிடுகிற மனிதனுக்கு வருவது கடினம்தான். தாளிப்பில் கொஞ்சம், வேர்க்கடலையில் கொஞ்சம், மீனில் கொஞ்சம் என்று எப்படியாவது வந்துவிடும். உடம்பின் கொழுப்புக் கிடங்கிலும் கொஞ்சம் இருப்பு இருக்கும். சாப்பாட்டை டாக்டர்களும் உறவினர்களும் முழுதாகத் தங்கள் கையில் எடுத்துக்கொண்டபோதுதான் பிரச்னை வெளியே வந்தது. 1960-களிலும் 70-களிலும் குடல் வேலை செய்யாத நோயாளிகளுக்கு, கொழுப்பு இல்லாத குளுகோஸ் கரைசலை நரம்பு வழியாகச் செலுத்தினார்கள். சில வாரங்களிலேயே அவர்களின் ரத்தப் பரிசோதனையில் குறை தெரிந்தது. பிறகு தோலில் தெரிந்தது. பர் தம்பதியின் எலிகளுக்கு வந்த அதே செதில்.

அடுத்த பாடம் 1982-ல் வந்தது. துப்பாக்கிக் குண்டு பாய்ந்து குடலை இழந்த ஆறு வயது அமெரிக்கச் சிறுமிக்கு நரம்பு வழியே சாஃப்ளவர் எண்ணெய்க் கரைசல் கொடுத்தார்கள். அதில் லினோலெயிக் ஏராளம். லினோலெனிக் மிகமிகக் குறைவு. சில மாதங்களில் அவளுக்குக் கால் மரத்தது, நடக்க முடியவில்லை, பார்வை மங்கியது. சோயா எண்ணெய்க் கரைசலுக்கு மாற்றியதும் தேறினாள் என்று ரால்ஃப் ஹோல்மனும் அவரது குழுவினரும் எழுதினார்கள். வேறு காரணமும் இருந்திருக்கலாம் என்று வாதாடியவர்கள் உண்டு. ஆனால் இரண்டு அமிலங்களில் ஒன்று போதாது, இரண்டும் வேண்டும் என்ற சிந்தனை அதன் பிறகே வலுத்தது.

கொழிஞ்சாம்பாறைப் பாட்டிக்கு மிக நெருக்கமான சாட்சி நார்வேயிலிருந்து வருகிறது. அங்கே முதியோர் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆண்டுக்கணக்கில் வயிற்றுக் குழாய் வழியாகவே உணவு பெற்ற சில நோயாளிகளை கிறிஸ்டியன் பியெர்வே என்ற டாக்டரின் குழு ஆராய்ந்தது. செதில் தோல், ஆறாத புண். உணவில் ஒமேகா 3 ஏறக்குறைய இல்லை. அதைச் சேர்த்துக் கொடுத்தபோது தோல் சீரானது. 1987-ல் வெளியான இந்த ஆய்வு, மனிதருக்கு எவ்வளவு லினோலெனிக் வேண்டும் என்று கணக்கிட இன்றும் உதவுகிறது. குழாய் வழியே உணவு பெறுபவருக்கு, ஊற்றுகிறவர் மறந்தது கிடைக்க வேறு வழியில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு துண்டு முறுக்கை எடுத்துக் கடிக்க அவரால் முடியாது.

பாட்டியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எடை 40 கிலோ. முதியவருக்கு ஒரு கிலோவுக்குச் சுமார் 30 கலோரி என்றால் நாளைக்கு 1,200 கலோரி. உலக உணவு நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2010-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, மொத்தக் கலோரியில் குறைந்தது 2.5 சதவிகிதம் லினோலெயிக் அமிலமாகவும், அரை சதவிகிதம் லினோலெனிக் அமிலமாகவும் இருந்தால் பற்றாக்குறை வராது. பாட்டிக்கு அது முறையே 3.3 கிராம், 0.7 கிராம். ஒரு ஸ்பூனுக்கும் குறைவான விஷயம்.

இப்போது வரவு. நாள் முழுவதும் 150 கிராம் அரிசி கஞ்சியாகப் போகிறது என்று வைத்துக்கொண்டாலும் அதில் கொழுப்பு ஒரு கிராம்கூடத் தேறாது. பருப்புத் தண்ணீரில் பருப்பு குறைவு, தண்ணீர் அதிகம். அரை லிட்டர் டோன்டு பாலில் 15 கிராம் கொழுப்பு உண்டு. ஆனால் பால் கொழுப்பில் லினோலெயிக் இரண்டு மூன்று சதவிகிதம்தான். ஆக அரை கிராமுக்கும் கீழே. பழச்சாற்றில் பூஜ்யம். எல்லாம் சேர்த்து ஒரு கிராமைத் தொட்டால் அதிகம். குழாய் அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில் கஞ்சியைத் தண்ணீராக்கினால் அதுவும் குறையும். மொத்தக் கலோரியும் பாதியாகிவிடும். பாட்டியின் உடம்பில் கொழுப்புக் கிடங்கு என்று எதுவும் மிச்சமில்லை. கன்னமும் புஜமும் எப்போதோ வற்றிவிட்டன.

சரி, எண்ணெய் சேர்க்கலாம். எந்த எண்ணெய்? கேரளத்தில் இந்தக் கேள்விக்குக் கையில் தயாராக இருக்கும் பதில் தேங்காய் எண்ணெய். அதன் மீது பழி போட வேண்டியதில்லை. அதிலுள்ள நடுத்தர நீளக் கொழுப்புகள் சுலபமாக ஜீரணமாகும், கலோரியும் தரும். ஆனால் இந்த ஒரு காரியத்துக்கு அது உதவாது. தேங்காய் எண்ணெயில் லினோலெயிக் ஏறக்குறைய 2 சதவிகிதம். லினோலெனிக் இல்லையென்றே சொல்லலாம். இரண்டு டீஸ்பூன், அதாவது சுமார் 9 கிராம் ஊற்றினால் கிடைப்பது 0.2 கிராம்.

அதே இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் என்றால் லினோலெயிக் மூன்றரை கிராமைத் தாண்டும். கடலை எண்ணெயில் இரண்டு, இரண்டரை கிராம். சூரியகாந்தியில் ஐந்து கிராம் அளவுக்கு. ஆனால் இந்த மூன்றிலும் லினோலெனிக் பேருக்குத்தான். கொழிஞ்சாம்பாறையின் கரிசல் மண்ணில் விளையும் கடலையும் அந்த வகையில் பாதி வேலைதான் செய்யும். இரண்டையும் சேர்த்துத் தருவது சோயா எண்ணெய்: இரண்டு டீஸ்பூனில் லினோலெயிக் நாலரை கிராமுக்கு மேல், லினோலெனிக் 0.6 கிராம் அளவுக்கு. கடுகு எண்ணெயிலும் லினோலெனிக் உண்டு. தெற்கத்தி வீடுகளில் அதன் வாசனையைச் சகிப்பவர்கள் குறைவு. ஆளி விதை எண்ணெயில் பாதி லினோலெனிக்தான். ஆகவே வீட்டிலிருக்கும் நல்லெண்ணெயோடு கால் ஸ்பூன் ஆளி விதை எண்ணெய் சேர்த்தாலும் கணக்கு நேராகிவிடும்.

செலவு பெரிய விஷயமில்லை. மாதத்துக்கு அரை லிட்டர் எண்ணெய்கூட ஆகாது. கடையில் விற்கும் மருத்துவப் பவுடர்களில் பெரும்பாலானவற்றில் இந்தக் கொழுப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. டப்பாவின் முதுகில் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் முழு உணவையும் பவுடரிலேயே கொடுக்கக் கட்டுப்படியாகும் குடும்பங்கள் எல்லையோரத்தில் எத்தனை? டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதே என்று நாளைக்கு இரண்டு ஸ்பூன் மட்டும் கலந்தால், அந்தக் கணக்கும் கஞ்சிக் கணக்காகத்தான் முடியும்.

கொடுக்கும் விதத்தில் எச்சரிக்கை தேவை. எண்ணெயை நேராகக் குழாயில் ஊற்றவே கூடாது. வாந்தியெடுத்து நுரையீரலுக்குள் போனால் எண்ணெய் நிமோனியாவாகிவிடும். வெதுவெதுப்பான கஞ்சியிலோ பாலிலோ விட்டு, மிக்ஸியில் அடித்து, மேலே மிதக்காமல் கலந்த பிறகே கொடுக்க வேண்டும். முதல் சில நாட்கள் நாளைக்கு அரை ஸ்பூன். வயிற்றுப்போக்கு இல்லையென்றால் மெதுவாக இரண்டு ஸ்பூன் வரை, நாலு வேளைக்குப் பிரித்து. ஊட்டும்போதும் அதற்குப் பிறகு ஒரு மணி நேரமும் தலைமாடு உயர்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் 30 மில்லி சுத்தமான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அடித்து வைத்த கஞ்சி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பித்தப்பை, கணையக் கோளாறு உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் டாக்டரைக் கேட்காமல் எண்ணெயையோ மீன் எண்ணெய் மாத்திரையையோ தொடங்கக் கூடாது.

எண்ணெய் சர்வரோக நிவாரணியும் இல்லை. தோல் உரிவதற்குத் துத்தநாகக் குறைவு, புரதக் குறைவு, தைராய்டு, வெறும் வறட்சி என்று வேறு காரணங்கள் உண்டு. படுக்கைப் புண் ஆற முதலில் வேண்டியது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைப்பதும் போதிய புரதமும். அவசியக் கொழுப்பு இல்லாவிட்டால் இதெல்லாம் செய்தும் புண் தயங்கும் என்பதுதான் விஷயம். தேய்க்கும் எண்ணெயிலும் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 1970-களில் பிரிட்டனில், இந்தக் குறை இருந்த நோயாளிகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது செதில் மறைந்தது. ரத்த அளவுகளும் தேறின. பிற்பாடு சோதித்தவர்கள் எல்லோருக்கும் அதே பலன் கிடைக்கவில்லை. ஆகவே தடவுவது உபரி. உள்ளே போவதுதான் மருந்து.

இதையெல்லாம் யார் சொல்வது? எல்லையோரத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கொழிஞ்சாம்பாறைக்காரர்கள் பெரிய வைத்தியத்துக்கு கோவைக்குப் போகிறார்கள். தெற்கே இடுக்கியில் குமுளி, உடும்பன்சோலைப் பக்கத்துத் தமிழர்கள் மலையிறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போகிறார்கள். மூணாறு, மறையூர்க்காரர்களுக்கு எந்தப் பெரிய ஆஸ்பத்திரியும் மணிக்கணக்கான பயணத்துக்கு அப்பால். இடுக்கியில் ரயில் கிடையாது. தமிழ்நாட்டு ஆஸ்பத்திரி குழாயைப் போட்டு, ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதி அனுப்பிவிடும். "இரண்டு மணிக்கொரு முறை 200 மில்லி" என்று சீட்டு சொல்லும். 200 மில்லி எதில் என்று பெரும்பாலும் சொல்லாது. எல்லைக்கு இந்தப் பக்கம் வீட்டுக்கு வரும் சிஸ்டர் மலையாளத்தில் கேட்பார். குடும்பம் தமிழில் பதில் சொல்லும். பேச்சு புரிந்துவிடும். ஆனால் குழாய், சிறுநீர்ப் பை, புண் என்று பார்க்க வேண்டிய பட்டியலில் எண்ணெய் ஸ்பூன் இருப்பது அபூர்வம்.

சிஸ்டர் வீட்டுக்கு வருவதே சாதாரண விஷயமல்ல. 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியோர் தொடங்கிய வலி நிவாரண, சாந்துவன சங்கம்தான் இதற்கு விதை. மலப்புறத்தில் அது அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் வலைப்பின்னலாக விரிந்தது. 2008-ல் கேரள அரசு சாந்துவன சிகிச்சைக்கென்று தனிக் கொள்கை அறிவித்தது. இந்தியாவில் எந்த மாநிலமும் அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை. பஞ்சாயத்துகள் நர்சுகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.6 சதவிகிதம்; நாட்டின் சராசரி 8.6. இத்தனை முதியவர்கள் உள்ள மாநிலத்தில் வீட்டு வாசலுக்கு நர்ஸ் வருவது பெரிய பலம். அந்த வருகையின்போது கூடுதலாக ஒரு கேள்வி கேட்க ஒரு நிமிடம் போதும்.

அதற்கும் முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: குழாய் வேண்டுமா? பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் போனவர்களில் கணிசமானவர்களுக்குச் சில வாரங்களில் விழுங்கும் சக்தி திரும்பும். அவர்களைப் பரிசோதித்துக் குழாயை எடுத்துவிடலாம். யாரும் திரும்பிப் பார்க்காததால் குழாயிலேயே வருடத்தை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முற்றிய மறதி நோயில் குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ நிரூபணமில்லை. பொறுமையாகக் கையால் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் சொல்லியிருக்கிறது. இது குடும்பமும் டாக்டரும் உட்கார்ந்து பேசி எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் குழாய் போடுவது என்று முடிவான பிறகு, அதில் போவது முழுச் சாப்பாடாக இருக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை மருமகள் எதிலும் குறை வைக்கவில்லை. அலாரம் வைத்து எழுந்து, இரவு பதினொன்றுக்குக் கடைசி சிரிஞ்சை ஊற்றிவிட்டுத் தூங்கப் போகிறவர் அவர். எண்ணெய் குழாயை அடைக்கும், வயதானவருக்குக் கொழுப்பு ஆகாது என்று யாரோ சொன்னதை நம்பியது மட்டும்தான் அவர் செய்த தவறு. அதைத் திருத்த ஸ்கேனும் வேண்டாம், சிறப்பு மருத்துவரும் வேண்டாம். அடுத்த முறை வரும் சிஸ்டர் புண்ணைக் கட்டி முடித்துவிட்டு, பையை மூடுவதற்கு முன் கேட்டால் போதும்: "கஞ்சியில் என்ன எண்ணெய் விடுகிறீர்கள்? எத்தனை ஸ்பூன்?"